மே மாதத்துச் சாவி

என் பெரியப்பா பேரன் முதல் வகுப்பில் சேர்ந்த இரண்டாம் நாளே கால்சட்டையை நனைத்துவிட்டான். பதினொன்றரை மணிக்கு அவனுடைய அப்பத்தா போய் அழைத்து வந்தார். அதன் பிறகு பதினாறு நாள் அவன் பள்ளிக்கூடத்துப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. டீச்சர் அடித்தார்களா என்று கேட்டோம், இல்லை. யாராவது சிரித்தார்களா, அதுவும் இல்லை. ஒரு வாரம் கழித்துக் கோழிக்கு நொய் இறைத்துக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னான்: "எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை, அத்தை."

அவனுக்கு ஐம்பது வரை எண்ணத் தெரியும். ஆட்டுக்குட்டிகளில் எது யாருடையது என்று காதைப் பார்த்தே சொல்வான். ஆனால் வீட்டுக்குப் பின்னால் வேலி ஓரம் ஒதுங்கிப் பழகியவனுக்கு, அதற்கென்று ஓர் அறை இருக்கும் என்பதும், அங்கே போக ஒரு பெரியவரிடம் கேட்க வேண்டும் என்பதும், கேட்பதற்கு ஒரு சொல் இருக்கிறது என்பதும் தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. நானும்தான்.

மூன்று கோடைகளாக எங்கள் ஊரில், ஜூனில் முதல் வகுப்புக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு ஆறு வார முகாம் ஒன்றை நடத்தி வருகிறேன். அதைப் பற்றி யார் கேட்டாலும் கழிப்பறையிலிருந்துதான் தொடங்குவேன். கேட்கிறவர்கள் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு 'அ' வேண்டும், 'ஆ' வேண்டும், முகாம் முடிவில் எத்தனை பிள்ளைகள் எத்தனை எழுத்து எழுதினார்கள் என்ற கணக்கு வேண்டும்.

அப்பா காலத்தில் பள்ளிக்குத் தயாரா என்பதற்குத் தேர்வு ஒன்றே ஒன்றுதான். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் சேர்க்கை, இல்லாவிட்டால் அடுத்த வருடம். பிறந்த தேதி தெரியாத ஊரில் வயதைக் கணக்கிட அது ஒரு வழி. சேர்த்த பிறகு வாத்தியாரே ஒரு பிறந்த தேதியும் போட்டுக்கொள்வார். எங்கள் தெருவில் அறுபது தாண்டியவர்களில் பாதிப் பேர் கோடையில் 'பிறந்தவர்கள்'. கையின் நீளத்தைப் பார்த்தவர்கள், முன்பின் தெரியாத ஒருவரிடம் அந்தப் பிள்ளைக்கு வாய் திறந்து பேச வருமா என்று பார்க்கவில்லை. இன்று கையில் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. இன்றும் அதைப் பார்ப்பதில்லை.

எங்கள் ஊர் நாகமலைக்கு மேற்கே, செக்கானூரணியைத் தாண்டி, உசிலம்பட்டி சாலையிலிருந்து உள்ளே போகிற ஊர். மல்லிகை நிலம். காலை எட்டு மணிக்கு இரண்டு மஞ்சள் வேன்கள் வந்து, டையும் ஷூவுமாக நிற்கும் மூன்று வயதுப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். வேன் ஏறாத பிள்ளைகள் பால்வாடிக்குப் போவார்கள். (பலகையில் அங்கன்வாடி என்று எழுதியிருக்கும், எங்கள் பக்கம் யார் வாயிலும் அது வராது.) வேனும் ஏறாமல் பால்வாடிக்கும் ஒழுங்காகப் போகாமல் மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. செங்கல் சூளைக்குத் தாய் தகப்பனோடு போய் மாதக்கணக்கில் தங்கிவிட்டு வருகிறவர்கள், தோட்டத்துக் குடிசையில் இருப்பவர்கள், கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் ஐந்து வயது அக்காமார். மூன்று கூட்டத்துக்கும் ஜூனில் ஒரே முதல் வகுப்புப் புத்தகம்தான்.

பால்வாடியைக் குறை சொல்வது எளிது. நான் சொல்ல மாட்டேன். 1975 அக்டோபர் 2ஆம் தேதி நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயதுக் குழந்தைக்கும் தட்டில் சோறு விழுந்தது. இன்று தமிழகத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று அவற்றுக்கு ஒரு பாடத்திட்டமும் இருக்கிறது, நல்ல பாடத்திட்டம். பற்றாக்குறை நேரத்துக்குத்தான். எங்கள் பால்வாடி டீச்சர் காலையில் எடை பார்ப்பார், உயரம் அளப்பார், கர்ப்பிணிப் பெண்களின் பதிவைப் பார்ப்பார், சத்துமாவு கொடுப்பார், வீடு வீடாகப் போவார், இத்தனையையும் செல்போன் செயலியில் ஏற்றுவார். சமிக்ஞை கிடைக்காத நாளில் மேட்டில் ஏறி நின்று ஏற்றுவார். இதற்கிடையில் எங்கே ஆடுவது, எங்கே பாடுவது?

இதை நான் புலம்பலாகச் சொல்லவில்லை. கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக பொருளியலாளர்களும் தமிழகத்தின் 320 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மையங்களில் அரைநாள் வேலைக்கு இன்னோர் ஆளைச் சேர்த்தார்கள். புதுக் கட்டடம் இல்லை, டிவி இல்லை, ஓர் ஆள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதத்தில் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். டீச்சரின் கை கொஞ்சம் ஓய்ந்ததால் ஊட்டச்சத்து வேலையும் ஒழுங்காக நடந்து, வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. இந்தச் செய்தியை எங்கள் பால்வாடி ஆயாம்மாவிடம் சொன்னேன். "இதைக் கண்டுபிடிக்கப் படித்தவர்கள் வர வேண்டுமா, தாயி?" என்றார்.

முகாமுக்கு நான் வந்தது தற்செயல். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தன்னார்வலராக இருந்தேன். மாலையில் என் வீட்டு வாசலில் பெரிய பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருக்க, அவர்கள் கூட்டி வந்த தம்பி தங்கைகள் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அவர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. மதுரையில் இருக்கும் சிறு அறக்கட்டளை ஒன்று, கோடையில் அந்தச் சின்னவர்களுக்கு ஏதாவது செய்யலாமா என்று கேட்டு வந்தது. எத்தியோப்பியாவில் முன்பருவக் கல்வியே பார்க்காத பிள்ளைகளுக்கு, யுனிசெஃப் துணையோடு, முதல் வகுப்புக்கு முந்தைய இரண்டு மாதத்தில் 150 மணி நேரம் வகுப்பு நடத்துகிறார்கள் என்றார்கள். நமக்கு ஆறு வாரம், வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டரை மணி. கணக்குப் போட்டால் 75 மணி நேரம், சரிபாதி. சரி, பாதி என்றாலும் ஒன்றுமில்லாததற்கு மேல் என்று ஒத்துக்கொண்டேன்.

ஏப்ரல் நடுவில், காலை ஒன்பது மணிக்கு முகாம். பட்டியலில் பதினெட்டுப் பேர். வந்தவர்கள் ஏழு பேர். பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை என்று குறிப்பில் எழுதிக்கொண்டார் அறக்கட்டளைக்காரர். எனக்குக் கோபம் வந்தது. அவரை மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு வரச் சொன்னேன், பாவம், வந்தார். தோட்டமெங்கும் தலையில் கட்டிய டார்ச் விளக்குகள் நகர்ந்துகொண்டிருந்தன. மொட்டு விரிவதற்குள் பறித்தால்தான் மாட்டுத்தாவணிச் சந்தையில் விலை. கோடைதான் பூ கொட்டுகிற காலம். கொட்டுகிற காலத்தில் விலை விழும். விலை விழுந்தால் கூலிக்கு இன்னும் அதிகம் பறிக்க வேண்டும். அம்மாமார் வீடு திரும்பவே ஒன்பதரை ஆகிவிடும். அதன் பிறகுதான் பிள்ளைக்குத் தலை சீவுவது, கஞ்சி கொடுப்பது. முகாமைப் பத்தேகாலுக்கு மாற்றினோம். பதினாறு பேர் வந்தார்கள். அந்த முகாமுக்காக நாங்கள் செய்த வேலைகளிலேயே பெரியது இந்த ஒன்றேகால் மணி நேரம்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்றும் அன்றுதான் புரிந்தது. அறக்கட்டளை கொடுத்த கையேட்டில் முதல் மூன்று நாள் பிரிவு அழுகைக்கு ஒதுக்கியிருந்தது: அம்மாவை விட்டு வரும் குழந்தை அழும், அணைத்துக்கொள்ளுங்கள், பொம்மை கொடுங்கள். எங்கள் பிள்ளைகள் ஒருவர்கூட அழவில்லை. விடியும்போது அம்மா இல்லாத பாயில் எழுந்து பழகியவர்கள் எதற்கு அழுவார்கள்? அவர்களுடைய பிரச்சினை வேறு. அவர்கள் பேசவில்லை. தங்களுக்குள் தெருவே அதிரும்படி பேசுவார்கள். நான் ஏதாவது கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்வது என்பது அவர்கள் வீட்டில் எதிர்த்துப் பேசுவதற்குப் பக்கத்து வீடு.

மொழியும் ஒரு சுவர். "வட்டமாக அமருங்கள்" என்று கையேட்டில் இருந்தபடியே சொன்னேன். பதினாறு பேரும் நின்றார்கள். 'உட்கார்' என்றால் தெரியும். 'அமர்' என்று அவர்கள் வாழ்க்கையில் யாரும் சொன்னதில்லை. புத்தகத்தில் 'பறவை' இருக்கும், அவர்களுக்குக் காக்கா, மைனா, கொக்கு, செம்போத்து தெரியும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சொல் இருப்பது செய்தி. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் பாடம், இதில் என்ன சிக்கல் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். வீட்டுத் தமிழிலிருந்து பள்ளிக்கூடத் தமிழுக்குப் போவது எங்கள் ஊரிலிருந்து பெரியார் பேருந்து நிலையம் போவதைவிடத் தூரம். அந்தத் தூரத்தைப் பிள்ளையை விட்டு நடக்கச் சொல்லாமல், நாங்கள் இரண்டு சொல்லையும் சேர்த்தே சொன்னோம். உட்காருங்கள், அமருங்கள். ஒரு வாரத்தில் ஒருத்தி தன் பூனையைப் பார்த்து "அமர்" என்று அதட்டினாள்.

கணக்குக்குப் புளியங்கொட்டை. பலகைக்குச் சிலேட்டு. அதுவும் மூன்றாம் வாரம் வரை எழுத்துக்கு இல்லை, கிறுக்க. சட்டைப் பித்தான் போடுவது, தண்ணீர்க் குவளையை அடுத்தவருக்குக் கொடுப்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, தன் பெயரைத் தகப்பன் பெயரோடு சொல்வது. மதியச் சாப்பாட்டோடு முடிப்போம். பால்வாடி விடுமுறை விட்ட நாட்களில் ஊர்ப் பணத்தில் தக்காளிச் சோறு. 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை நம் மதுரை நெல்பேட்டைப் பள்ளியில்தானே தொடங்கி வைத்தார்கள். வயிறு காய்ந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று இந்த மண்ணில் இரண்டு தடவை முடிவாகிவிட்டது. மூன்றாவது தடவை விவாதிக்க வேண்டாம்.

பிறகு கழிப்பறை. பழக்க வேண்டியது அவர்கள் போகப் போகிற பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில். ஆனால் மே மாதத்தில் பள்ளி பூட்டியிருக்கும். தலைமையாசிரியர் மதுரையில் இருந்தார். நான் பஸ் ஏறிப் போய், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கி வந்தேன். மோட்டார் ஓடாது, ஆகவே இரண்டு குடம் தண்ணீரும் நாங்களே கொண்டு போவோம். வாரம் இரண்டு நாள் அங்கே ஊர்வலம். யார் வகுப்பறை எது, தண்ணீர்க் குழாய் எங்கே, கதவைத் தாழிடுவது எப்படி, தாழ் சிக்கிக்கொண்டால் எப்படிக் கூப்பிடுவது. டீச்சராக ஆயாம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, ஒவ்வொருவராகப் போய்க் கேட்க வேண்டும். முதல் வாரம் கிசுகிசுத்தார்கள். ஆயாம்மா காது கேளாதவர்போல் நடிப்பார். கடைசி வாரத்தில் அவர்கள் கத்திய கத்தலில் ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து என்ன நடக்கிறது என்று பார்த்தார்.

முகாமின் நடுவில் சித்திரைத் திருவிழா வந்தது. நான்கு நாள் ஒரு பிள்ளைகூட இல்லை, ஊரே மதுரையில். வருகைப் பதிவேட்டில் நான்கு பூஜ்யம் விழுந்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். அழகர் ஆற்றில் இறங்கினார் என்று எழுதிக் கொடுத்தேன். அதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்த பிள்ளைகள் வேறு பிள்ளைகளாக இருந்தார்கள். ஒருவனும் தரையைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. "முதலில் என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டேன். அழகர் மலையிலிருந்து கிளம்பினார். பிறகு? தல்லாகுளத்தில் எதிர்சேவை, ஊரே எதிரே போய் அவரை வரவேற்கும். பிறகு? தங்கக் குதிரை. இல்லை, அதற்கு முன்னால் தோல் பையில் தண்ணீர் பீய்ச்சினார்கள். இல்லை, அது பிறகு. இரண்டு கட்சியாகிச் சண்டை. பட்டு என்ன நிறம் என்று இன்னொரு சண்டை. பச்சைப் பட்டென்றால் அந்த வருடம் மழை நன்றாக இருக்கும் என்று ஒருத்தி தன் அப்பத்தா சொன்னதாகச் சொல்லி முடித்துவைத்தாள். வண்டியூர், தேனூர் மண்டபம், ராத்திரி முழுக்கத் தசாவதாரம் (அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் தூங்கிவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டார்கள்), பூப்பல்லக்கு, மறுபடியும் மலை. அன்றைக்கு ஒருவனைக் குதிரையாக்கி, ஒருத்தியை அழகராக்கி, புளியமரத்தடி முழுக்க ஆறானது. முன், பின், அடுத்து, கடைசியில் என்ற சொற்கள் கையேட்டில் ஐந்தாம் வாரத்துப் பாடம். எங்களுக்கு மூன்றாம் வாரம் ஒரே முற்பகலில் முடிந்துவிட்டது. சூளையிலிருந்து வந்திருந்த ஒரு பையன், அதுவரை ஒரு சொல் பேசாதவன், "நான் எதிர்சேவை" என்றான். ஒரு நிகழ்ச்சியாகவே தன்னைச் சொல்லிக்கொண்ட அவனை என்ன வேடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் வாசலில் நிறுத்தினோம். போகிறவர் வருகிறவரையெல்லாம் கும்பிட்டு வரவேற்றான்.

ஜூனில் முதல் வகுப்பு டீச்சர் சொன்னார், இந்தப் பதினாறு பேரும் கையைத் தூக்குகிறார்கள் என்று. அது பாராட்டா புகாரா என்று அவர் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

மறு வருடம் விரிவாக்கினார்கள். ஒரு ஊர் பன்னிரண்டு ஊரானது.

விரிவாக்கத்தில் எது விரியும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். எண்ணக் கூடியது விரிந்தது. ஆறு நாள் பயிற்சி ஒரு நாளாகச் சுருங்கியது. ஓர் ஊருக்கு இரண்டு பேர் என்பது ஒருவரானது. அந்த ஒருவருக்கு முப்பது பிள்ளைகள். அவருக்குப் பணம் ஜூலையில்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை வந்தது, பளபளப்பான அட்டையோடு எழுத்துப் பயிற்சி நோட்டு வந்தது, கிரேயான் வந்தது. நேரம் பன்னிரண்டு ஊருக்கும் ஒன்பது மணி. கடைசி நாளில் பட்டமளிப்பு விழா என்று கறுப்பு அங்கியும் தொப்பியும் வந்தன. அக்னி நட்சத்திரத்தில், கல்நார் ஓட்டுக்குக் கீழே, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கறுப்பு அங்கி! ஒரு பையன் அதைக் கழற்றிவிட்டு வெற்றுடம்போடு சான்றிதழ் வாங்கினான். அவனை மட்டும் படத்தில் சேர்க்கவில்லை.

யாரையும் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நன்கொடை கொடுத்தவருக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை எழுத்து என்று காட்ட வேண்டும். ஒரு பிள்ளை வாய் திறந்து கேட்டது என்பதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? ஆகவே நோட்டு நிரம்பியது. ஐந்து வயதுக் கை, பென்சில் பிடிக்கப் பழகுமுன்னே 'ஈ' போட்டுப் போட்டு ஓய்ந்தது. முதல் வகுப்பின் பாரத்தை மே மாதத்துக்கு இழுத்து வந்ததுதான் மிச்சம். அந்தப் பன்னிரண்டில் நன்றாக நடந்தவை மூன்று ஊர்கள். மூன்றிலும் பால்வாடி ஆயா கூட நின்றிருந்தார், மூன்றிலும் தன்னார்வலர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நேரத்தை மாற்றியிருந்தார்கள். ஒன்றில் கத்திரி வெயிலுக்குப் பயந்து மாலை நான்கு மணிக்கே மாற்றிவிட்டார்கள். பதிவேட்டில் மட்டும் ஒன்பது.

எனக்குப் பயம் வேறொன்றில். குறுகிய முகாம் மலிவு. மலிவாக இருப்பதாலேயே, நெடிய வேலைக்கு மாற்றாக யாராவது அதைக் காட்டிவிடலாம். 2019 ஜனவரியில் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. 2022இல் அவற்றை நிறுத்துவதாகச் செய்தி வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு தொடரும் என்று அறிவித்தார்கள். அந்தச் சில நாட்களில் எங்கள் பக்கத்து ஊர்த் தாய்மார் வேனுக்கு முன்பணம் எங்கே புரட்டுவது என்று அலைந்ததைப் பார்த்தவள் நான். 2020 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 'வித்யா பிரவேஷ்' என்று முதல் வகுப்பின் தொடக்கத்தில் மூன்று மாத விளையாட்டு வழி ஆயத்தம் வந்தது. இங்கே 2022 முதல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு, வாசிப்பும் கணக்கும் பழக்க, 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. இவை ஒவ்வொன்றும் நல்லதுதான். ஆனால் முதல் வகுப்புக்குள் போன பிறகு நடப்பது ஒன்று, வாசற்படி ஏறுவதற்கு முன் நடக்க வேண்டியது இன்னொன்று. மூன்று வருடம் பால்வாடியில் கிடைத்திருக்க வேண்டியதை 75 மணி நேரத்தில் ஈடுகட்ட முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முகாம் நடத்துகிறவளே சொல்கிறேன்.

அப்படியானால் எதை விரிவாக்குவது? பணம் என் கையில் இருந்தால், பையும் நோட்டும் வாங்க மாட்டேன். ஊருக்கு இரண்டாவதாக ஓர் ஆள் போடுவேன், கோடைக்கு மட்டுமல்லாமல் வருடம் முழுக்க, பால்வாடியிலேயே, அரைநாளுக்கு. மே கடைசி வாரத்தில் முதல் வகுப்பு டீச்சர் இரண்டு நாள் வந்து பிள்ளைகளோடு உட்கார அவருக்குப் படியும் பஸ் காசும் கொடுப்பேன். நேரத்தை அந்தந்த ஊர் முடிவு செய்யட்டும். மேலூர்ப் பக்கம் வேறு வேலை, வேறு நேரம். வைகைக்கு வடக்கே தென்னந்தோப்புப் பக்கம் இன்னொன்று. சூளைக்குப் போன பிள்ளைகளுக்கு முகாமையே சூளைக்குக் கொண்டுபோக வேண்டும்; சீசன் முடிந்து அவர்கள் ஊர் திரும்பும்போது பள்ளி திறந்துவிட்டிருக்கும். எதிர்சேவைப் பையன் எங்களுக்குக் கிடைத்தது அந்த வருடம் சூளையில் மழை பெய்து வேலை நின்றதால்.

மூன்றாம் வருடம் அறக்கட்டளை வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆயாம்மாவும் நானும், ஊர்ப் பணமும், பதினான்கு பிள்ளைகளுமாக நடத்தினோம். பெரியப்பா பேரன் அப்போது மூன்றாம் வகுப்பு. விடுமுறையில் வேறு வேலை இல்லாமல் தினமும் வந்தான். கழிப்பறை ஊர்வலத்துக்கு அவன்தான் தலைமை. குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்து, கதவைத் திறந்து காட்டி, "இங்கேதான்" என்பான். அதற்கு மேல் அவன் விளக்கம் எதுவும் சொன்னதில்லை.

இந்த வருடப் பட்டியலில் பதினேழு பேர். பூ இறங்கத் தொடங்கிவிட்டது. ஆயாம்மா பத்தேகால் வேண்டாம், பத்தரை என்கிறார். தலைமையாசிரியர் மாறுதலில் போய்விட்டார். சாவியைப் புதியவரிடம் கொடுத்தாரா, ஊராட்சியில் கொடுத்தாரா என்று இரண்டு இடத்திலும் கேட்டுவிட்டேன். இரண்டு இடத்திலும் இல்லை என்கிறார்கள். திங்கட்கிழமை மறுபடியும் பஸ் ஏற வேண்டும்.